நாய் வந்த பிறகுதான் புல் வளர்ந்தது

கிடா வாங்குவதா, நாய் வாங்குவதா? நான்கு குடும்பங்களை ஒரு பொங்கல் முழுக்க முகம் திருப்பிக்கொள்ள வைத்த கேள்வி இது. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்குத் தென்கிழக்கே கட்டானிங் வட்டாரத்தில், இவர்களுக்குக் கூட்டாக ஒரு சின்னச் செம்மறிப் பண்ணை இருக்கிறது. அங்கேயே இருந்து மேய்ப்பவர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவிக்கு அங்குள்ள மருத்துவமனையில் தாதி வேலை. பணம் போட்ட மற்ற மூன்று குடும்பங்களும் சிங்கப்பூரில்: அவருடைய அக்கா வீடு, பட்டறைக் காலத்து நண்பர்கள் இருவரின் வீடுகள். அந்த நண்பர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிம்.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தது. நல்ல வம்சத்து டார்ப்பர் இனச் செம்மறிக் கிடா ஒன்றை வாங்கினால் குட்டிகள் பெருத்து வரும் என்பது சிங்கப்பூரில் இருப்பவர்களின் கட்சி. ஆட்டை ஓட்டப் பழக்கப்பட்ட நாய் ஒன்று இல்லாவிட்டால் எந்தக் கிடாவும் பயன்படாது என்பது மேய்ப்பவரின் கட்சி. நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, இங்கே சிங்கப்பூரில் இறைச்சி இறக்குமதித் தொழிலில் இருப்பவன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்று நடுவராகக் கூப்பிட்டார்கள். நடந்ததை எழுத அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களும் பண்ணையின் அடையாளமும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்லை மட்டும் நம்பி நடக்கும் சிறு பண்ணையில் நாயை ஆட்டுக்காக வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் அது புல்லுக்காக வாங்கப்படுவது. இந்தக் கணக்கு பிடிபடாதவரை நாயின் விலை ஆடம்பரமாகத்தான் தெரியும்.

ஏன் அவ்வளவு தூரம்?

“லிம் சூ காங்ல ஆடு இருக்குல்ல தம்பி, அங்கேயே ஒரு துண்டு நிலம் எடுத்தா என்ன?” சிங்கப்பூரின் பண்ணைப் பகுதியான லிம் சூ காங்கைக் காட்டி அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது இதுதான். அங்கே இருப்பது வெள்ளாடு, அதுவும் பாலுக்கு. கொட்டகையில் நிற்கும், வெளிநாட்டிலிருந்து வரும் உலர்தீவனம் தின்னும். வெளியே விட்டு மேய்ப்பது வேறு தொழில். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பே சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதில் விவசாயத்துக்கு விட்டிருப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் முட்டை, கீரை, மீன் என்று போய்விடுகிறது. சிராங்கூன் சாலையைச் சுற்றி நம் ஆட்கள் மாடு கட்டிப் பால் கறந்த காலமும் உண்டு. பஃபலோ ரோடும், மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் அந்தக் காலத்து மிச்சம். நகரம் வளர வளர மாடுகளை வெளியே தள்ளினார்கள்.

நிலம் கிடைத்தாலும் மழை விடாது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல், எல்லா மாதமும் பெய்கிறது. இந்த ஈரமும் வெப்பமும் ஆட்டின் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவுக்கு விருந்து. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். இந்த வெயிலில் அவை பொரித்து, ஒரு வாரத்துக்குள் அடுத்த ஆட்டைத் தொற்றத் தயாராகிவிடும். ரத்தம் இழந்த ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். அந்த நிறத்தை ஐந்து படிகளாக்கி அட்டை போட்டவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். ஃபாமாச்சா என்று அதற்குப் பெயர்.

ஈர வெப்ப நாட்டில் மேய்க்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1990களில் பசிபிக் தீவுகளில் வெள்ளாட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒரு துண்டில் மூன்றரை நாள் மேயவிட்டு நகர்த்தினார்கள். முதல் துண்டுக்குத் திரும்ப 35 நாள் ஆகும். வேகமாகப் பொரித்த புழுக்குஞ்சுகள் அந்த வெப்பத்தில் வேகமாகவே செத்தும் போயின. மேய்ச்சல் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. காரணம் எளிது: மருந்து செய்த வேலையைக் கால்நடை நகர்ந்தே செய்துவிட்டது. ஜொகூர் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மரத்தடியில் செம்மறி மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தீபகற்ப மலேசியாவில் கோமாரி நோய் உண்டு. சிங்கப்பூர் அந்த நோய் இல்லாத நாடு என்ற அங்கீகாரத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. ஆகவே பாலம் தாண்டி ஆட்டைக் கொண்டுவரும் யோசனையை முதல் கூட்டத்திலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

மிஞ்சியது மேற்கு ஆஸ்திரேலியா. ஐந்து மணி நேர விமானம். கடிகாரத்தில் வித்தியாசம் இல்லை, இரவு எட்டு மணிக்கு அக்கா போன் போட்டால் அங்கேயும் எட்டுதான். இந்த ஒரே நேரம் பண்ணை நிர்வாகத்துக்கு நல்லதா என்று மேய்ப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

பண்ணை

சுமார் 80 ஹெக்டர், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான தாய் ஆடுகள். மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மி.மீ., பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் ரைகிராஸ் புல்லும் சப்டெரேனியன் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் தரையை மூடும். நவம்பர் கடைசியில் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகும். அதன்பிறகு அடுத்த மழை வரை காய்ந்ததுதான் தீனி. ஆண்டில் பாதிக் காலம் பச்சை, பாதிக் காலம் பழுப்பு. பண்ணையின் பாடெல்லாம் இந்த இரண்டாவது பாதியில்தான்.

ஆடுகள் டார்ப்பர். 1930களில் தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து உருவாக்கிய இனம். 1996இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. ரோமம் தானாக உதிரும், கத்தரிக்க ஆள் தேடவேண்டாம். நம் மேச்சேரி ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கம்பளிக்காக வளர்க்கும் மெரினோவை விட்டு இதை எடுத்தது நல்ல முடிவு. ஒற்றை ஆள் பண்ணையில் கம்பளி ஒரு வருமானம் என்பதைவிட ஒரு வேலை.

நிலத்தை வாங்கியபோது அது வேலி போட்ட நான்கு பெரிய அடைப்புகளாக இருந்தது. ஒன்றில் ஆட்டை விட்டால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். செம்மறி தெரிந்து தின்னும் பிராணி. இனிப்பான குளோவர் துளிரை இன்று கடிக்கும், நாலு நாளில் அது மறுபடி துளிர்க்கும்போது மறுபடி கடிக்கும். அந்தச் செடி வேரில் சேமித்ததை எல்லாம் செலவழித்துவிட்டுச் சாகும். பக்கத்தில் முரட்டுப் புல் தொடப்படாமல் முற்றி விதை போடும். முதல் கோடையில் மேட்டு நிலம் மொட்டையாகிவிட்டது. மார்ச்சில் காற்று அடித்தபோது மேல்மண் வேலி தாண்டிப் பறந்தது. ஏப்ரலில் லூபின் பருப்பு மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார்.

அந்த வட்டாரத்தில் இலையுதிர் காலத்தில் பருப்பும் ஓட்ஸும் போடுவது சாதாரணம். ஆனால் இவர்கள் சிங்கப்பூரில் சொந்தக்காரர்களிடம் பணம் திரட்டியது “புல் மட்டும்” என்று சொல்லி. உலர்புல் போடலாம், தானியம் போட்டால் அந்தப் பேச்சு போச்சு. அவர் அதை மறைக்கவில்லை, குடும்பக் குழுவில் மூட்டைகளின் படத்தையே போட்டார். அங்கேதான் சண்டை ஆரம்பம்.

திட்டம் இருந்தது, ஆள் இல்லை

சுழற்சி மேய்ச்சல் தெரியாதவர் அல்ல அவர். மின்வேலி நாடா வாங்கி நான்கு அடைப்புகளைப் பதினாறு துண்டாகப் பிரித்திருந்தார். டார்ப்பருக்கு மேலே கம்பளி குறைவு, மின்வேலி சுருக்கென்று உறைக்கும், அதனால் மதிக்கும். சமையலறைச் சுவரில் அட்டவணையும் ஒட்டியிருந்தது. ரைகிராஸ் மூன்று இலை விட்டபின் ஆட்டை விட வேண்டும், அதற்குமுன் விட்டால் வேர் தேறாது, அதற்குமேல் போனால் அடி இலை அழுகத் தொடங்கும். வசந்தத்தில் மூன்று இலைக்கு ஏறக்குறைய மூன்று வாரம், குளிரில் அதைவிட வெகுநாள். புல் வேகமாக வளர்ந்தால் ஆடும் வேகமாக நகர வேண்டும், மெதுவானால் மெதுவாக. அட்டவணையில் பிழையே இல்லை.

நகர்த்துவதுதான் நடக்கவில்லை. நாலு சக்கர பைக்கில் ஒருவர், எதிரே முந்நூறு ஆடு. பாதி வாசலைத் தாண்டும், பாதி வட்டமடித்துத் திரும்பும். தாய் போய்விடும், குட்டி பின்தங்கிக் கத்தும், அதைக் கேட்டுத் தாய் திரும்பி வர அதன் பின்னால் இருபது வரும். அரை நாள் ஓடிப்போகும். வார இறுதியில் மனைவி வந்து வாசலில் நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் ஐந்து நாளில் நகர்த்த வேண்டியதை மூன்று வாரம் தள்ளிப்போட்டார். காகிதத்தில் பதினாறு துண்டு, நடப்பில் பழையபடி நாலு.

நான் நாய்க்குச் சாய்ந்தது இதைக் கேட்ட பிறகுதான். அக்கா விடவில்லை. “நம்ம ராமநாதபுரத்துல கீதாரி நாய வெச்சா ஆட்ட ஓட்டுறாரு? வாயால சத்தம் கொடுத்தா வராதா?” ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரியைச் சொல்கிறார். நியாயமான கேள்வி. கீதாரியின் ஆடு பிறந்த நாள் முதல் அவர் குரலைக் கேட்கிறது. அவர் கிடையோடு படுக்கிறார், கிடையோடு நடக்கிறார். ஒவ்வொரு இரவும் வேறு வேறு வயலில் கிடை போட்டு, எருவுக்குக் கூலி வாங்குகிறார். கூடவே இரண்டு மூன்று ஆட்கள், கையில் துரட்டி. அங்கே நாய் காவலுக்கு. இந்தப் பண்ணை ஆடோ மனிதரை எப்போதாவது பார்க்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஊசி, மருந்து, காதில் அடையாளத் தகடு. அது நம்மைக் கண்டால் ஓடுவதுதான் முறை. அந்த ஓட்டத்துக்குத் திசை கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அல்லது நாலு கால் வேண்டும்.

கெல்பி

விலைதான் எல்லாரையும் பயமுறுத்தியது. ஆடு ஓட்டும் ஆஸ்திரேலிய நாயான கெல்பி இனத்தின் பிறப்பிடம் என்று சொல்லிக்கொள்ளும் விக்டோரியா மாநிலத்துக் காஸ்டர்டன் ஊரில் 2021இல் நடந்த ஏலத்தில் ஹூவர் என்ற நாய் 35,200 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது செய்தியானது. நண்பர் ஒருவர் அதைக் குழுவில் பகிர்ந்து, “இதுக்கு ஒரு பழைய டொயோட்டா வாங்கலாம்” என்று எழுதினார்.  பண்ணை வேலைக்கு ஏல நட்சத்திரம் தேவையில்லை. இவர் வாங்கிய பெண் கெல்பி அதில் ஒரு சிறு பங்கு விலைதான். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஆஸ்திரேலியப் பண்ணை நாய்களைக் கணக்கெடுத்து, வாழ்நாள் முழுக்க ஒரு நாய்க்கு ஆகும் செலவைப்போல் 5.2 மடங்கு மதிப்புள்ள வேலையை அது திருப்பித் தருகிறது என்றார்கள். இதை நான் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஆனால் அந்த எண் யாரையும் அசைக்கவில்லை. நாய் வேலை செய்யும் காணொளியை அவர் அனுப்பிய பிறகுதான் கை தூக்கினார்கள்.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள ஆட்டின் உடம்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத வளையம் உண்டு; அதற்குள் யாராவது வந்தால் நகரும். வளையத்தின் ஓரத்தில் நின்றால் நடக்கும், உள்ளே பாய்ந்தால் சிதறும். தோள்தான் கணக்கு: தோளுக்குப் பின்னால் வந்தால் முன்னே போகும், முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். நல்ல நாய் மந்தையை நேராக நோக்கி ஓடாது. பேரிக்காய் வடிவத்தில் அகலமாகச் சுற்றி, மேய்ப்பவருக்கு நேர் எதிர்ப்புறம் போய் நின்றுகொள்ளும். பிறகு மந்தை அவரை நோக்கி வரும். ஓநாயின் வேட்டையில் கடைசிக் கடியை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்டர் கோலி கண்ணால் மிரட்டித் தாழ்ந்து நகரும். கெல்பி நிமிர்ந்து நின்று வேலை பார்க்கும், தொழுவத்தின் நெருக்கடியில் ஆட்டின் முதுகுமேலேயே ஏறி ஓடி முன்னால் போய்விடும்.

கட்டளை கொஞ்சம்தான். கடிகாரத் திசையில் சுற்ற “கம் பை”, எதிர்த் திசைக்கு “அவே”, வேலை முடிந்தால் “தாட்ல் டூ”. நாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆளுக்குத்தான் தெரியவில்லை. பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. அவர் கத்தக் கத்த நாய் குழம்பி நிற்கும். விற்றவர் நல்ல மனிதர், வந்து தங்கிப் பழக்கிவிட்டுப் போனார். சத்தத்தைக் குறைத்துச் சீழ்க்கைக்கு மாறியதும் இருவருக்கும் ஒத்துப்போனது.

பலன் புல்லில் தெரிந்தது. அரை நாள் வேலை காலைக் காப்பிக்கு முன் முடிந்தது. முடிந்ததால் தள்ளிப்போடவில்லை. தள்ளிப்போடாததால் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. வசந்தத்தில் ஒரு துண்டில் சில நாள்தான், பிறகு முழு ஓய்வு. அடுத்த கோடையில் மேட்டு நிலத்தில் பாதிக்கு மேல் மூடாக்கு நின்றது. காற்று மண்ணைத் தூக்கவிடாமல் பிடிக்க அந்த வட்டாரத்தில் குறைந்தபட்சம் பாதித் தரையாவது மூடியிருக்க வேண்டும் என்பார்கள். கூடவே இன்னொரு மாற்றமும் செய்தார்: கிடாக்களைப் பிப்ரவரி நடுவில் விட்டார். செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டிகள் ஜூலை நடுவில் பிறந்து, வசந்தப் புல்லில் வளர்ந்து, புல் காயுமுன் விற்பனைக்குப் போயின. கோடைக்கு மிஞ்சுவது தாய்கள் மட்டும் என்பதால் தானிய மூட்டை தேவைப்படவில்லை. இந்தத் தேதி மாற்றத்துக்கும் நாய்க்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் புகழை நாய்க்குக் கொடுக்க நான் தயாரில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததால் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மேட்டு நிலம் தேறியது நகர்த்தலால்தான்.

குட்டி போடும் வாரங்களில் மட்டும் சுழற்சியை நிறுத்த வேண்டும். தாயும் குட்டியும் ஒருவரையொருவர் மோந்து அடையாளம் பிடிக்கும் முதல் மணி நேரங்களில் மந்தையைக் கலைத்தால் குட்டி அநாதையாகும். அப்போது கெல்பி கட்டிப்போட்டபடியே கிடக்கும். அதற்கு அது பெரிய தண்டனை.

நரியும் விஷமும்

கெல்பியை இரவில் அவிழ்த்துவிட்டால் நரிக்குக் காவலாகுமே என்று இங்கிருந்து ஒரு யோசனை போனது. ஆகாது. ஓட்டும் நாய்க்கு ஆடு என்றால் வேலை, காக்கும் நாய்க்கு ஆடு என்றால் குடும்பம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்காது. காவலுக்கு இத்தாலியிலிருந்து வந்த மரெம்மா போன்ற இனங்கள் உண்டு. குட்டியிலேயே ஆட்டோடு வளர்த்தால் ஆட்டைத் தன் கூட்டமாக நினைத்துக் காக்கும். ஆடு மட்டும் அல்ல: விக்டோரியாவில் வார்னம்பூலுக்கு அருகே மிடில் ஐலண்டில் நரிகள் பெங்குவின்களைக் கொன்று பத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்ட நிலையில், 2006இல் மரெம்மாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டம் மீண்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நரிக்கு வைப்பது 1080 என்ற விஷ இறைச்சி. அங்குள்ள காஸ்ட்ரோலோபியம் செடிகளில் இதே விஷம் இயற்கையாகவே இருப்பதால் உள்ளூர்க் காட்டு விலங்குகள் பலவற்றுக்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு. வெளியிலிருந்து வந்த நரிக்கு இல்லை. நாய்க்கும் இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒரே நேரத்தில் விஷம் வைத்தால்தான் நரி குறையும், இவர் மட்டும் மறுத்தால் ஊர்ப் பகை. ஆகவே அந்த நாட்களில் கெல்பி முகவாய்க் கவசத்தோடுதான் வெளியே வரும், மற்ற நேரம் கூண்டு. ஒரு துண்டு விஷ இறைச்சி போதும், போட்ட முதலெல்லாம் போய்விடும். காப்பீடு பற்றி அக்கா கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

நாயால் வந்த நட்டம்

நாயைத் தூக்கிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. இரண்டாம் ஆண்டு அறுப்புக்கூடத்திலிருந்து வந்த அறிக்கையில், பல உடல்களில் இதயத்திலும் உதரவிதானத்திலும் சின்னச் சின்னக் கட்டிகள், வெட்டி எறியப்பட்டன என்று இருந்தது. அங்கே இதை “ஷீப் மீசில்ஸ்” என்பார்கள், அம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. டீனியா ஓவிஸ் என்ற நாடாப்புழு. நாயின் குடலில் வாழும், நாயின் மலத்தோடு முட்டை புல்லுக்கு வரும், ஆடு தின்னும், தசையில் கட்டியாக உட்காரும். செத்த ஆட்டின் இறைச்சியைப் பச்சையாக நாய் தின்றால் வட்டம் பூர்த்தி. மனிதருக்கு ஆபத்தில்லை, ஆனால் பார்க்க அருவருப்பாக இருப்பதால் இறைச்சி தள்ளுபடியாகும். எடை போகும், பணம் போகும்.

வீட்டுக்கு அறுத்த ஆட்டின் தலையையும் இதயத்தையும் அவர் நாய்க்குப் பச்சையாகப் போட்டு வந்திருக்கிறார். வீணாக்க மனம் வராதவர். போனில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன், கட்டிகளுக்காக அல்ல. இதே வழியில் வரும் இன்னொரு நாடாப்புழு எக்கினோகாக்கஸ். அதன் நீர்க்கட்டி மனிதரின் கல்லீரலிலும் நுரையீரலிலும் வளரும், அறுவை சிகிச்சை வரை போகும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடுவதே போதும்.

இப்போது விதி இப்படி: உள்ளுறுப்பு எதுவும் நாய்க்குக் கிடையாது. இறைச்சி போடுவதானால் நன்றாக வேகவைத்து, அல்லது உறைபெட்டியில் மைனஸ் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே 10 நாள் வைத்து. எல்லா நாய்க்கும் பிராசிகுவாண்டல் மாத்திரை மாதம் ஒருமுறை. செத்த ஆட்டை உடனே புதைக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துப் பண்ணை நாய்க்கு வேலி தெரியாது. மாத்திரை தேதியைச் சிங்கப்பூரில் அக்காவின் கைப்பேசியில் நினைவூட்டலாக வைத்திருக்கிறார்கள். ஒரே நேர மண்டலத்தின் ஒரே உருப்படியான பயன் என்று மேய்ப்பவர் சொல்கிறார்.

முஸ்லிம் நண்பரின் அம்மாவுக்கு வேறொரு சங்கடம்: நாய் புழங்கும் பண்ணை. மேய்ச்சலுக்கும் விளைநிலக் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் இடம் உண்டு என்று மகன் எடுத்துச் சொன்னார். ஹலால் சான்றிதழ் பார்ப்பது அறுப்புக்கூடத்தையும் அறுக்கும் முறையையும். பண்ணையில் கெல்பி ஓடுவது அதில் வராது. அம்மா சம்மதித்தார், ஆனால் நாயின் படத்தை அனுப்பவேண்டாம் என்றார்.

இறைச்சி எங்கே போகிறது

“நம்ம ஆடு தேக்காவுக்கு எப்ப வரும்?” சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தங்கள் ஆட்டைப் பார்க்கத்தான் முதலீட்டாளர்கள் எல்லாரும் உள்ளூர ஆசைப்பட்டார்கள். இங்கே என் தொழில் அனுபவம் அவர்களை ஏமாற்றியது. பண்ணையில் அறுத்ததை விற்க அங்கே அனுமதி கிடையாது, சொந்தச் சாப்பாட்டுக்கு மட்டும். ஏற்றுமதி உரிமமுள்ள அறுப்புக்கூடத்தில் அறுத்து, சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்ற இடத்திலிருந்து, உரிமமுள்ள இறக்குமதியாளர் வழியாகத்தான் வரவேண்டும். முந்நூறு ஆட்டுப் பண்ணை அதில் தனிப் பெயரோடு வர முடியாது. அவர்கள் விற்பது கட்டானிங்கில் உள்ள அறுப்புக்கூடத்துக்கு, அறுத்த உடலின் எடைக்கு விலை. அங்கிருந்து எந்த நாட்டுக்குப் போகிறதோ அவர்கள் பாடு. ஒருவேளை இவர்கள் ஆடே தேக்கா ஈரச்சந்தையில் தொங்கலாம், தெரிய வழியில்லை.

கட்டானிங் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1970களில் அந்த ஊர் இறைச்சிக்கூட வேலைக்குக் கிறிஸ்மஸ் தீவிலிருந்தும் கோக்கோஸ் தீவுகளிலிருந்தும் மலாய்க் குடும்பங்கள் வந்து குடியேறின. இரண்டு இடங்களும் 1950களில் ஆஸ்திரேலியாவுக்கு மாறும்வரை சிங்கப்பூர் நிர்வாகத்தின்கீழ் இருந்தவை. கோதுமை வயலுக்கு நடுவே பள்ளிவாசலும் மலாய்ப் பேச்சும் கேட்டு நண்பர் திகைத்துப்போனார். அவர் பணம் போட்டதற்குப் புல்லைவிட அந்த மலாய்ச் சாப்பாடுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

விலை நிலவரம் வேறு ஆடிக்கொண்டிருக்கிறது. 2017இல் கப்பலில் போன ஆடுகளில் சுமார் 2,400 வெப்பத்தில் இறந்து, அந்தக் காட்சிகள் அடுத்த ஆண்டு வெளியானதிலிருந்து உயிருள்ள செம்மறி ஏற்றுமதிக்கு எதிர்ப்பு வலுத்தது. 2024இல் சட்டம் வந்தது: 2028 மே 1 முதல் கப்பலில் உயிருள்ள செம்மறி போகக்கூடாது. அப்படிப் போனவை பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்துதான். அதை நம்பிய மெரினோக்காரர்கள் பலர் ஆட்டைக் குறைக்கிறார்கள். இறைச்சிக் குட்டியை உள்ளூரிலேயே அறுக்கக் கொடுக்கும் டார்ப்பர் பண்ணைக்கு நேரடி அடி குறைவு. ஆனால் எல்லா ஆடும் ஒரே அறுப்புக்கூட வாசலில் வரிசை கட்டினால் நாள் கிடைப்பது கடினம். புல் காயும் நேரத்தில் இரண்டு வாரத் தாமதம் என்றால் குட்டி எடை இறங்கும்.

ருசி பற்றியும் ஒரு சண்டை. பண்ணைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா, “கவிச்சி தூக்குது” என்றார். குளோவர் போன்ற புரதம் மிகுந்த செடிகளை நிறையத் தின்றால் ஆட்டின் வயிற்றில் ஸ்காட்டோல் என்ற பொருள் கூடுதலாக உண்டாகிக் கொழுப்பில் தங்கும். மேய்ச்சல் இறைச்சியின் தனி வாசனை ஓரளவு அதனால்தான். விற்கும் முன் கடைசி நாட்களில் குளோவர் குறைந்த, புல் மிகுந்த துண்டுகளில் மேயவிட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மற்றபடி இஞ்சி பூண்டைக் கூட்டுங்கள் என்றேன், அக்காவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

இப்போது

மறுபடி பணம் சேர்ந்திருக்கிறது, மறுபடி கிடாப் பேச்சு. இம்முறையும் நான் கிடாவைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். செம்மறி 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். முந்நூறு ஆட்டையும் குறுகிய காலத்தில் சினையாக்க ஒரு கிடா போதாது, அதனால்தான் ஏற்கெனவே ஐந்தாறு நிற்கின்றன. அவற்றோடு சேரும் ஒற்றை உயர்ரகக் கிடாவின் குணம் மந்தையில் பரவ, அதன் மகள்கள் தாயாகி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கிடாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும்போது கண்காட்சிப் பதக்கத்தைப் பார்க்காமல், புழு எதிர்ப்புக்கும் எடைக்கும் தரப்பட்டுள்ள மரபு மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குமுன் தண்ணீர். பதினாறு துண்டில் பலவற்றுக்குத் தொட்டி கிடையாது. கோடையில் தண்ணீர் இருக்கும் துண்டுக்கே ஆடு திரும்பத் திரும்பப் போவதால் அங்கே மட்டும் தரை தேய்கிறது. குழாய் போட்டால் எல்லாத் துண்டும் உண்மையிலேயே துண்டாகும். அடுத்தது நாய். கெல்பிக்கு இப்போது நடு வயது, இன்னும் சில ஆண்டு வேகமாக ஓடும். அது ஓடும்போதே குட்டி ஒன்றைப் பக்கத்தில் விட்டால்தான் பழகும். அது படுத்தபின் தேடினால் மந்தை மறுபடி மூன்று வாரம் ஒரே இடத்தில் நிற்கும். அவர் இன்னொரு கெல்பி கேட்கிறார். பார்டர் கோலி அழகாக இருக்கிறது, விடுமுறைக்கு இங்கே கொண்டுவரலாம் என்று அக்காவின் மகள் சொன்னாள். சிங்கப்பூர் அரசின் வீவக அடுக்குமாடி வீட்டில் அந்த இனத்துக்கு அனுமதி இல்லை என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

போன மாதக் கூட்டத்தில் மூன்று வீடு சரி என்றது. அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: மாத்திரை கொடுத்த தேதியையும் மேட்டு நிலத்தின் படத்தையும் மாதாமாதம் குழுவில் போட வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். மண் இளகட்டும் என்று குழாய் வேலை முதல் மழைக்குக் காத்திருக்கிறது. நாய்க்குட்டிக்கு விற்பவரிடம் முன்பணம் கட்டியாயிற்று.